மாத்திரையை நிறுத்தச் சொன்னது சீன மருத்துவமா?

வாசகி கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். என் அம்மாவுக்கு 61 வயது. பதினொரு வருஷமாகச் சர்க்கரை. இரண்டு முழங்காலிலும் தேய்மானம், படி ஏற முடியாது. பக்கத்து வீட்டு அக்கா சொல்லி இரண்டு மாதமாக ஓர் அக்குபஞ்சர் ஹீலரிடம் போகிறார். ஊசி எதுவும் கிடையாது. நாடி பார்த்து, கையிலோ காலிலோ ஒரே ஓர் இடத்தில் விரலால் தொடுகிறார், அவ்வளவுதான். வலி பாதி குறைந்துவிட்டது என்கிறார் அம்மா. சர்க்கரை என்று ஒரு நோயே இல்லை, மாத்திரைதான் விஷம், ரத்தப் பரிசோதனையே வேண்டாம் என்று அவர் சொன்னதால் மூன்று வாரமாக மாத்திரையை நிறுத்திவிட்டார். கேட்டால், "இது 5000 வருஷத்துச் சீன வைத்தியம், உனக்கு என்ன தெரியும்?" என்கிறார். என் வீட்டுக்காரரோ, இதைச் சீனாவுக்குக் கொண்டுபோனதே நம்ம போதிதர்மர்தான் என்கிறார். நீங்களும் அக்குபஞ்சர் செய்கிறவர் என்பதால் கேட்கிறேன். அம்மாவைத் தடுப்பதா, விடுவதா? (திண்டுக்கல் வாசகி)

அன்புள்ள சகோதரிக்கு,

சரித்திரத்தையெல்லாம் பிறகு பேசலாம். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் அம்மாவை ஏதாவது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அழைத்துப்போய்ச் சர்க்கரை பாருங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையும் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினினும் சேர்த்து எடுத்துவிடுங்கள். வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம், "மூன்று வாரமாக மாத்திரை போடவில்லை" என்று மறைக்காமல் சொல்லுங்கள். பழைய அளவிலேயே தொடங்குவதா, மாற்றுவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். சர்க்கரை 300-ஐத் தாண்டியிருந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஓயாத தாகம், வாந்தி, மூச்சிரைப்பு, எப்போதும் தூக்கக் கலக்கம் என்று ஏதாவது தெரிந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். இன்று இரவு டார்ச் அடித்து அம்மாவின் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் ஒருமுறை பாருங்கள். கொப்புளம், வெடிப்பு, நிறமாற்றம் எது இருந்தாலும் அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் பி.என்.ஒய்.எஸ். என்னும் இயற்கை மருத்துவப் பட்டம் படித்தவள். பதினெட்டு ஆண்டுகளாக அக்குபஞ்சர் செய்கிறேன். ஊசி என் கையிலேயே இருப்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்: உங்கள் அம்மாவிடம் மாத்திரையை நிறுத்தச் சொன்னது சீன மருத்துவம் அல்ல. சீன மருத்துவத்தின் பேரைச் சொல்லி நம் ஊரில் யாரோ சொன்னது அது.

சுன் சிமியாவ் என்று ஒரு வைத்தியர் இருந்தார். ஏழாம் நூற்றாண்டு, தாங் வம்சக் காலம். "மருந்தின் அரசர்" என்று சீனர்கள் இன்றும் கும்பிடுகிற மனிதர். தாகம் எடுத்துக்கொண்டே இருக்கும், உடம்பு உருகிக்கொண்டே போகும் நோய் ஒன்றைப் பற்றி அவர் விரிவாக எழுதியிருக்கிறார். சீனத்தில் அதற்குப் பேர் சியாவ்கே. நாம் நீரிழிவு என்கிறோமே, பெரும்பாலும் அதுதான். அந்த நோயாளிகளுக்கு அவர் தந்த எச்சரிக்கை இது: நோய் நூறு நாளைத் தாண்டிவிட்டால் ஊசியும் குத்தாதே, சூடும் வைக்காதே. மீறிச் செய்தால் அந்த இடம் புண்ணாகும், சீழ் வடிவது நிற்காது, ஆள் மெலிந்து செத்துப்போவார். மது வேண்டாம், உப்பும் மாவுப் பண்டமும் வேண்டாம் என்று பத்தியமும் சொன்னார். குளுக்கோமீட்டர் இல்லாத காலம். கண்ணால் பார்த்துப் பார்த்தே, சர்க்கரைக்காரர் உடம்பில் புண் ஆறாது என்று 1,300 ஆண்டுகளுக்கு முன்னால் எழுதி வைத்திருக்கிறார்.

நாள்பட்ட சர்க்கரைக்குத் தன் ஊசி மருந்தாகும் என்று அந்த மரபின் மாபெரும் வைத்தியரே சொல்லவில்லை. கையை எடு என்றுதான் சொன்னார். இன்று நம் கையில் கிருமி நீக்கிய, ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் ஊசி இருப்பதால் அவர் பயந்த அளவுக்கு நாம் பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் பதினொரு வருஷச் சர்க்கரைக்காரர் என்று தெரிந்தால், கணுக்காலுக்குக் கீழே கை வைக்குமுன் நான் இருமுறை யோசிப்பேன்.

உங்கள் அம்மா அக்குபஞ்சரைத்தான் சீன மருத்துவம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். தமிழ்நாட்டில் பெரும்பாலோர் நினைப்பும் அதுதான். சீனாவில் அப்படியில்லை. பல ஆண்டுகளுக்கு முன் மூன்று மாதப் பயிற்சிக்கு நான்ஜிங் நகரத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு சீன மருத்துவமனையில் காலையில் நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது கஷாய வாடை. தரைத்தளம் முழுக்க மருந்தகம். கூரையைத் தொடும் மர அலமாரிகள், அவற்றில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன இழுப்பறைகள். வெள்ளை அங்கி போட்ட பெண்கள் சீட்டைப் பார்த்து வேர், பட்டை, காய்ந்த பூ என்று ஒவ்வொன்றாகக் கைத்தராசில் கிராம் கணக்கில் நிறுத்து, காகிதத்தில் கொட்டிப் பொட்டலம் கட்டிக்கொண்டே இருப்பார்கள். வீட்டில் காய்ச்ச நேரமில்லாதவர்களுக்கு அங்கேயே காய்ச்சிப் பையில் அடைத்துக் கொடுப்பார்கள். நம் ஊர் நாட்டு மருந்துக் கடையைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் எப்படியோ, அப்படி. அக்குபஞ்சர் பிரிவு மாடியில் ஒரு பக்கம் இருந்தது. எலும்பு மூட்டுப் பிரிவு, பெண்கள் பிரிவு போல அதுவும் ஒரு பிரிவு.

அந்த மரபின் அடிமரம் மூலிகைதான். நான் தங்கியிருந்த அதே நான்ஜிங்கில் 1590-களில் லி ஷிசென் என்பவரின் மருந்துப் பொருள் நூல் அச்சேறியது. அதில் 1,892 சரக்குகள் இருக்கின்றன. மூலிகை, உணவுப் பத்தியம், துய்னா என்கிற பிடித்துவிடும் முறை, குவளை வைத்து இழுப்பது, மூச்சோடு சேர்ந்த உடற்பயிற்சி, இவற்றோடு ஊசி. ஊசிகூடத் தனியாக இல்லை. அக்குபஞ்சருக்குச் சீனச் சொல் சென்ஜியூ. சென் என்றால் ஊசி, ஜியூ என்றால் சூடு. காய்ந்த இலையைப் பஞ்சாக இடித்து, உருட்டிப் பற்றவைத்து, தோலுக்கு அருகே காட்டுவது அந்தச் சூடு. அந்தச் செடி வேறொன்றுமில்லை, நம் பெண்கள் மல்லிகையோடு சேர்த்துக் கட்டித் தலையில் வைத்துக்கொள்கிற மரிக்கொழுந்தின் உறவுச் செடி. மலேரியாவுக்கு மருந்து கண்டுபிடித்து 2015-இல் நோபல் பரிசு வாங்கினாரே தூ யூயூ, அவர் எடுத்ததும் அதே குடும்பத்துச் செடியிலிருந்துதான். பழைய வைத்திய நூலில் ஒரு வரியைப் பார்த்தார், செடியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார், நோயாளிகளிடம் சோதித்தார், பிறகுதான் மருந்து என்றார். மரபுக்கு மரியாதை செய்வது என்றால் எனக்கு அதுதான் முன்மாதிரி.

நான்ஜிங்கில் எனக்குக் கற்றுக்கொடுத்த மருத்துவர் எழுபதை நெருங்கிய அம்மையார். தோளைத் தூக்க முடியாமல் ஒரு பெரியவர் வந்தார், அவருக்கும் சர்க்கரை. அம்மையார் நாக்கை நீட்டச் சொன்னார். நிறம், மேலே படிந்த மாவு, ஓரத்தில் பல் தடம் எல்லாம் பார்த்தார். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். ஒவ்வொரு விரலுக்கும் ஓர் உறுப்புக் கணக்கு உண்டு. நம் சித்த வைத்தியத்தில் வாத, பித்த, கபம் பார்ப்பது போலத் தோன்றும், ஆனால் கணக்கு வேறு. பார்ப்பது, கேட்பதும் முகர்வதும், விசாரிப்பது, தொட்டறிவது என்று நான்கு வழிச் சோதனை. அது முடிந்ததும் அம்மையார் கணினிப் பக்கம் திரும்பி அந்தப் பெரியவரின் ரத்தப் பரிசோதனை அறிக்கையைத் திறந்தார். எண்ணைப் பார்த்து முகம் சுளித்து, "சர்க்கரை மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா?" என்று கேட்டார். பிறகுதான் ஊசியைக் கையில் எடுத்தார், அதுவும் தோளுக்காக. அறுபத்துச் சொச்ச வயது மனிதர் பள்ளிக்கூடப் பையன் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உங்கள் அம்மாவின் ஹீலர் எந்தச் சீன வைத்தியத்தின் பேரைச் சொல்கிறாரோ, அது அந்த ஊரில் நடக்கும் விதம் இதுதான்.

5000 வருஷம் என்ற கணக்கு. சாங்ஷா நகருக்குப் பக்கத்தில் மாவாங்டுய் என்ற இடத்தில் 1973-இல் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். கி.மு. 168-இல் மூடப்பட்டது. உள்ளே பட்டுத் துணியில் எழுதிய வைத்தியச் சுவடிகள் கிடைத்தன. உடம்பில் ஓடும் பாதைகள் என்று பதினொன்றைச் சொல்கின்றன. சூடு வைப்பதைச் சொல்கின்றன. ஊசி வைத்தியம் பற்றிப் பேச்சே இல்லை. அதற்குப் பிறகு தொகுக்கப்பட்ட மஞ்சள் பேரரசர் பேரிலான மருத்துவ நூலில்தான் பன்னிரண்டு பாதைகள், ச்சி என்கிற உயிராற்றல், யின்-யாங் என்கிற எதிரெதிர் இணை, மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்து கூறுகள் எல்லாம் ஊசியோடு சேர்ந்து ஒரு முழுக் கட்டுமானமாக நிற்கின்றன. கி.மு. 113-இல் இறந்த லியூ ஷெங் என்ற இளவரசரின் கல்லறையில் தங்க ஊசிகளும் வெள்ளி ஊசிகளும் கிடைத்திருக்கின்றன. ஆக, கையில் சான்று இருக்கும் வரை பார்த்தால் இரண்டாயிரம் ஆண்டுகளுக்குச் சற்று மேலே. அதுவே பெரிய பெருமைதானே, எதற்குக் கூட்டிச் சொல்ல வேண்டும்?

உங்கள் வீட்டுக்காரருக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. போதிதர்மர் சீனாவுக்குப் போனதாகச் சொல்லப்படுவது கி.பி. ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டு. அவர் போய்ச் சேருமுன் அறுநூறு ஆண்டுகளாக அந்தப் பட்டுச் சுவடி மண்ணுக்குள் கிடந்திருக்கிறது. நம் வர்மத்துக்கு அதன் சொந்தப் பெருமை இருக்கிறது. பக்கத்து வீட்டு மரத்தை நாம்தான் நட்டோம் என்று சொல்லி அதை உயர்த்த வேண்டியதில்லை. இந்தியாவுக்கும் இந்த ஊசிக்கும் உண்மையான தொடர்பு ஒன்று உண்டு. ஜப்பான் படையெடுத்தபோது 1938-இல் சீனாவுக்கு உதவப் போன இந்திய மருத்துவர்கள் ஐவரில் கோட்னிஸ் பேர் எல்லாருக்கும் தெரியும். அவரோடு போன பி.கே. பாசு பிறகு 1950-களின் இறுதியில் மறுபடி சீனாவுக்குப் போய் அக்குபஞ்சர் கற்றுக்கொண்டு கல்கத்தாவில் தொடங்கினார். அந்த வித்து விழுந்த மேற்கு வங்கத்தில்தான் 1996-இலேயே அக்குபஞ்சருக்கென்று தனிச் சட்டம் வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "ஒரு மாற்றமும் இல்லாமல் அப்படியே வந்த ஞானம்" என்றும் உங்கள் அம்மாவிடம் சொல்லியிருப்பார்கள். அப்படி இல்லை. 1822-இல் சீனப் பேரரசரே ஊசியும் சூடும் அரச மருத்துவக் கழகத்தில் கூடாது என்று நிறுத்திவிட்டார். 1929-இல் அன்றைய அரசு சீன மருத்துவத்தையே ஒழிக்கப் பார்த்தது, வைத்தியர்கள் திரண்டு போராடித் தடுத்தார்கள். அந்தக் காலத்தில் செங் தான்-ஆன் என்றொருவர் நவீன உடற்கூறு நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ரத்தக் குழாய் மேல் விழுந்த புள்ளிகளை நகர்த்தி, மெல்லிய ஊசியைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். நான் இன்று செய்வது பெரும்பாலும் அவர் வழி. மரபு உயிரோடு இருந்ததே தன்னைத் திருத்திக்கொண்டதால்தான்.

பயிற்சியையும் அவர்கள் விளையாட்டாக எடுத்துக்கொண்டதில்லை. சோங் வம்சக் காலத்தில், 1027-இல், வாங் வெய்யி என்ற மருத்துவ அதிகாரி ஆள் உயரத்துக்கு இரண்டு வெண்கல மனிதர்களை வார்த்தார். உடம்பு முழுக்கப் புள்ளிகள் இருக்கும் இடத்தில் துளைகள். தேர்வு நாளில் மேலே மெழுகு பூசி, உள்ளே நீர் நிரப்பி வைப்பார்களாம். மாணவர் புள்ளியைச் சரியாகக் குத்தினால் நீர் கசியும், தவறினால் ஊசி உள்ளே போகாது. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் அப்படிப் பரீட்சை வைத்தவர்களின் பேரில், சில வார இறுதி வகுப்புகளை முடித்துவிட்டு ஒருவர் பலகை மாட்டுகிறார் என்றால் எனக்கு வயிறு எரிகிறது.

விரலால் ஓரிடத்தில் மட்டும் மெல்லத் தொட்டுவிட்டு அனுப்புவது, மருந்தே கூடாது, சோதனையே கூடாது என்பது, இவை நான் நான்ஜிங்கில் பார்த்ததிலும் இல்லை, படித்த பழைய நூல்களிலும் இல்லை. அழுத்திப் பிடித்துவிடும் முறை உண்டு. அது வேறு, கை வலிக்க வலிக்கச் செய்கிற வேலை. மருந்தை விஷம் என்கிற கொள்கைக்குச் சீன மருத்துவத்தில் இடமே கிடையாது. 1,892 சரக்கை எழுதி வைத்தவர்கள் எப்படி அப்படிச் சொல்வார்கள்?

சரி, வலி குறைந்ததே, அது பொய்யா என்று அம்மா கேட்பார். பொய்யில்லை. தயவுசெய்து அவரிடம் "எல்லாம் உன் மனப்பிரமை" என்று சொல்லிவிடாதீர்கள்.

ஊசியே போட்டால் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்கிறேன். நான் பயன்படுத்துவது 0.25 மில்லிமீட்டர் ஊசி. காய்ச்சலுக்குப் போடும் ஊசி அதைப் போல இரண்டு மூன்று மடங்கு தடிமன். முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கம், நான்கு விரல் தள்ளி ஒரு புள்ளி உண்டு. ஜுசான்லி என்று பேர். சின்னக் குழாயை வைத்து ஊசியின் தலையில் ஒரு தட்டு தட்டினால் தோலைத் தாண்டும்போது கொசுக்கடி அளவுகூட இருக்காது. மெல்ல உள்ளே இறக்கித் திருகும்போது ஓரிடத்தில் ஊசியைச் சதை கவ்வும். என் விரலுக்கே அது தெரியும். அதே கணம் நோயாளி "ஆ, வந்துருச்சு" என்பார். மதமதவென்று ஒரு கனம், சிலருக்குக் கணுக்கால் வரை இறங்கும். "உள்ளாற யாரோ கட்டைவிரலை வச்சு அழுத்துற மாதிரி இருக்கு டாக்டர்" என்றார் ஒரு பாட்டி. இதைத்தான் சீனர்கள் ச்சி வந்து சேர்ந்தது என்கிறார்கள். ச்சி ஓடும் பாதை என்று உடற்கூறில் எதையும் யாரும் அறுத்துக் காட்டியதில்லை. ஆனால் அந்தப் புள்ளிக்கு அடியில் நரம்பு ஓடுகிறது. ஊசியில் மெல்லிய மின்னோட்டம் கொடுத்தால் மூளையும் தண்டுவடமும் தங்கள் சொந்த வலிநிவாரணிகளைச் சுரக்கின்றன என்பதை பெய்ஜிங்கில் ஹான் ஜிஷெங் 1960-களிலிருந்து பல பத்தாண்டுகள் ஆராய்ந்து காட்டினார். பாதைகளை நான் பழைய மாலுமிகளின் வரைபடம் போல மதிக்கிறேன். வழி காட்டும். அதற்காக அதில் வரைந்திருப்பதெல்லாம் கடலில் இருக்கும் என்று சாதிக்க மாட்டேன்.

ஆனால் என்னை ரொம்ப நாள் தூங்கவிடாத ஆய்வு ஒன்று உண்டு. ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 1,162 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு முறையான அக்குபஞ்சர். ஒரு பிரிவுக்குப் புள்ளியே அல்லாத இடங்களில் மேலோட்டமாகப் பேருக்கு ஊசி. மூன்றாவதுக்கு வழக்கமான மாத்திரை, பிசியோதெரபி. 2007-இல் முடிவு வெளியானது. ஆறு மாதம் கழித்து, முறையான ஊசியில் 47.6 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். பேருக்குக் குத்தியதில் 44.2. வழக்கமான சிகிச்சையில் 27.4. பாருங்கள், இரண்டு ஊசியும் மாத்திரையைத் தோற்கடித்தன. ஆனால் சரியான புள்ளிக்கும் தவறான இடத்துக்கும் பெரிய வித்தியாசமே இல்லை! வருஷக்கணக்காகப் புள்ளி புள்ளியாக மனப்பாடம் செய்த எனக்கு அது எளிதில் செரிக்கவில்லை. ஒற்றைத் தலைவலிக்கு 2016-இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதே சாயல்தான்: முறையான ஊசியில் பாதிப் பேருக்குத் தலைவலி நாட்கள் பாதியாகக் குறைந்தன, போலி ஊசியிலோ நூற்றுக்கு 41 பேருக்கு. சின்ன வித்தியாசம், ஆனால் வித்தியாசம் உண்டு.

அப்படியானால் மீதி எங்கிருந்து வருகிறது? படுக்கவைத்து, தொட்டு, நேரம் ஒதுக்கி, நம்பிக்கையோடு ஒருவர் கவனிப்பதிலிருந்து வருகிறது. மூட்டுவலி தானாகவே ஏறி இறங்கும் குணமுள்ளது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் வைத்தியரைத் தேடுவோம், அதன் பிறகு இறங்குவதும் வைத்தியர் கணக்கில் சேரும். உங்கள் அம்மாவின் முழங்காலுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். அந்த ஹீலர் அம்மாவை எதிரே உட்காரவைத்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அரை மணி நேரம் அவர் பேசியதைக் கேட்டிருப்பார். பதினொரு வருஷத்தில் எந்தச் சர்க்கரை மருத்துவர் அப்படிக் கேட்டார்? மூன்று நிமிஷத்தில் சீட்டை நீட்டி அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிற எங்கள் எல்லாருக்கும் அதில் பங்கு இருக்கிறது. வலிக்கு இந்தக் கவனிப்பு உண்மையாகவே உதவும், ஏனென்றால் வலி மூளையில் உருவாவது. ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸுக்குக் காது கிடையாது. அது சிறுநீரகத்தையும் விழித்திரையையும் கால் நரம்பையும் சத்தமில்லாமல் அரிக்கும், ஒரு வலியும் காட்டாமல்.

எனக்குத் தெரிந்த ஒருவர், கைத்தறி வேலை செய்தவர், இடுப்புவலிக்கு என்னிடம் வந்துகொண்டிருந்தார். நடுவில் காணவில்லை. எட்டு மாதம் கழித்து வந்தபோது வலது காலில் கட்டு. வேறொருவர் சொல்லிச் சர்க்கரை மாத்திரையை விட்டிருக்கிறார். செருப்பு கடித்த புண், இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. "நீங்களும் அக்குபஞ்சர், அவரும் அக்குபஞ்சர், ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சேன்மா" என்றார். முதல் நாளே அவரிடம், "என் ஊசி வலிக்கு மட்டும்தான், மாத்திரையைத் தொடாதீர்கள்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அன்றிலிருந்து என்னிடம் வரும் ஒவ்வொருவரிடமும் ஊசியை எடுக்குமுன் அதைச் சொல்கிறேன். உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கும் அவர்தான் காரணம்.

முழங்கால் தேய்மானத்துக்கு முறையான அக்குபஞ்சர் எடுக்கலாமா? நிபுணர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. அமெரிக்க வாதநோய் மருத்துவக் கல்லூரி 2019-இல் நிபந்தனையோடு செய்து பார்க்கலாம் என்றது. இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டுதல் 2022-இல் தர வேண்டாம் என்றது. என் வழி இது: சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு, வேறு சிகிச்சைகளோடு சேர்த்து ஆறு முதல் எட்டு முறை செய்து பார்ப்பேன். படி ஏறுவதில், தூக்கத்தில் வித்தியாசம் தெரியவில்லையென்றால் அத்தோடு நிறுத்திவிடுவேன். முப்பது முறை பேக்கேஜ் என்று முன்பணம் கேட்கிற இடத்துக்குப் போக வேண்டாம்.

எங்கே போனாலும் ஊசிப் பொட்டலத்தை உங்கள் கண்ணெதிரே பிரிக்க வேண்டும், போட்டு எடுத்த ஊசி துளைக்க முடியாத டப்பாவுக்குள் விழ வேண்டும். ஒரே ஊசியை இருவருக்குப் போட்டு மஞ்சள் காமாலைக் கிருமி பரவிய கதைகள் பல நாடுகளில் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று கேட்காமல் ஒருவர் ஊசியைத் தூக்கினால் எழுந்து வந்துவிடுங்கள். மார்பிலும் மேல்முதுகிலும் ஊசி ஆழமாகப் போனால் நுரையீரலில் ஓட்டை விழலாம். அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது. உணர்ச்சி குறைந்த காலில் மூலிகைச் சூடு கூடவே கூடாது. சுட்டது அவருக்கே தெரியாது. படிப்பைத் தயங்காமல் கேளுங்கள். 2003-இல் மத்திய சுகாதார அமைச்சகம் பதிவு பெற்ற மருத்துவர்களோ உரிய பயிற்சி பெற்றவர்களோ அக்குபஞ்சர் செய்யலாம் என்றது. 2019-இல் அதைத் தனி முறையாகவும் ஏற்றார்கள். "ஹீலர்" என்ற சொல் எந்தப் பட்டத்தையும் குறிக்காது.

அம்மாவைத் தடுப்பதா விடுவதா என்று கேட்டீர்கள். தடுத்தால் உங்களுக்குத் தெரியாமல் போவார். நீங்கள் கூடவே போங்கள். ஹீலர் முன்னால் உட்கார்ந்து, "ஐயா, நீங்க தொடுறதை அம்மா தொடரட்டும், மாத்திரையும் போடட்டும், மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தமும் பார்த்துக்கறோம்" என்று பணிவாகச் சொல்லுங்கள். அவர் சரியென்றால் அம்மாவுக்கு மனக்குறை இருக்காது. முடியாது என்றால், அம்மா அந்தப் பதிலைத் தன் காதாலேயே கேட்கட்டும். சுன் சிமியாவ் கதையையும் அம்மாவுக்குச் சொல்லுங்கள். மகள் சொன்னால் ஏறாதது, பழைய வைத்தியர் சொன்னார் என்றால் சில சமயம் ஏறும்.

முழங்காலுக்கு நான் ஊசியைவிட அதிகம் நம்புவது தொடைச் சதையை. இது எல்லா நாட்டு வழிகாட்டுதலும் ஒத்துக்கொள்கிற ஒன்று. சாயங்காலம் அம்மா சீரியல் பார்க்கும்போது, கைப்பிடியில்லாத உறுதியான நாற்காலியில் உட்காரவையுங்கள். ஒரு காலை நேரே நீட்டி, முழங்கால் மடங்காமல், ஐந்து எண்ணும் வரை தூக்கிப் பிடித்து மெல்ல இறக்கச் சொல்லுங்கள். ஒரு காலுக்குப் பத்து முறை, பிறகு அடுத்த கால். முதல் வாரம் அவ்வளவு போதும். நீங்களும் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்யுங்கள், எண்ணிக்கை விட்டுப்போகாது. ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.